துருவத் தாயின் பால்: பனிநாட்டில் நஞ்சைக் கண்டறிந்த வரலாறு



மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஓர் அவையில் துருவப் பகுதியின் நச்சுப் பொருள்களைப் பற்றி உரையாற்றுவது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பே. நிலநடுக்கோட்டிலிருந்து சில பாகைத் தொலைவில் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கும், ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும். விடையின் ஒரு பகுதி தமிழகத்து நெல்வயல் ஒன்றில் கிடைக்கிறது. மற்றொரு பகுதி, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தடுமாறிய குழந்தைகளிடம் கிடைக்கிறது. ஆகவே இது மொழி அவைக்குப் புறம்பான பொருளன்று என்பதை உரையின் போக்கில் நாம் உணரலாம்.

வெண்மை தந்த நம்பிக்கை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி செயற்கை வேதிப்பொருள்களின் பொற்காலமாகக் கருதப்பட்டது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி 1874இலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல்தான் சுவிட்சர்லாந்து வேதியியலர் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலேரியாவினின்றும் தொற்றுக் காய்ச்சலினின்றும் பல்லாயிரம் உயிர்களைக் காத்த பொருள் அது என்பதை நாம் மறத்தல் ஆகாது. பி.சி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் குளோரின் சேர்மங்கள் 1929 முதல் வணிக அளவில் உற்பத்தியாயின. எளிதில் தீப்பற்றாதவை, வெப்பத்தால் சிதையாதவை என்பதால் மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் வண்ணப் பூச்சுகளிலும் அவை இடம்பெற்றன.

இவ்விருவகைப் பொருள்களுக்கும் பொதுவான சிறப்பு, எளிதில் அழியாமை. அச்சிறப்பே பின்னர் அவற்றின் பெருங்குறையாயிற்று.

1962இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் அமெரிக்க உயிரியலர் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் தீமைகளை உலகறியச் செய்தார். இவற்றினின்றும் தப்பிய நிலம் எங்கேனும் உண்டா என்று தேடியவர்கள் அலாஸ்காவின் ஆர்க்டிக் கரைக்குச் சென்ற செய்தியும் அந்நூலில் வருகிறது. அங்குள்ள பழங்குடி மக்களின் மரபு உணவில் பூச்சிக்கொல்லி ஏதும் காணப்படவில்லை. சிலரது உடற்கொழுப்பில் மட்டும் சிறிதளவு டி.டி.டி. இருந்தது. அவர்கள் ஆங்கரேஜ் நகர மருத்துவமனைக்குச் சென்று தங்கி, நகர உணவை உண்டவர்கள். நகரம் மாசுடையது, பனிநிலம் தூயது என்னும் நம்பிக்கை அன்று இவ்வாறு நிலைபெற்றிருந்தது.

நான்கே ஆண்டுகளில் அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. வயலோ ஊரோ இல்லாத அண்டார்க்டிகாவில் அடெலி பென்குயின்களின் உடலிலும் ஒரு கடல்நாயின் உடலிலும் டி.டி.டி. எச்சங்கள் இருப்பதாக 1966இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே ஆண்டில் சுவீடனின் சோரன் யென்சன், டி.டி.டி.யைத் தேடிய தம் ஆய்வில் இனம் தெரியாத வேறு சில குறிகள் தொடர்ந்து தோன்றக் கண்டு, அவை பி.சி.பி. என நிறுவினார். மீனிலும் கழுகிலும் அதனைக் கண்டவர், தம் கைக்குழந்தையின் தலைமுடியிலும் அதனைக் கண்டார். தொழிற்சாலைக்குள் அடங்கியிருப்பதாக எண்ணிய பொருள் வீடுவரை வந்துவிட்டிருந்தது.

நுனாவிக்கின் தாய்ப்பால்

ஆயினும் மனிதரைப் பொறுத்தவரை, துருவ மக்கள் தூய உணவை உண்பவர்கள் என்னும் எண்ணம் மேலும் இருபதாண்டுகள் நீடித்தது. அதனை உடைத்த நிகழ்ச்சி எதிர்பாராமல் நேர்ந்ததாகும்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லவால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவ ஆய்வாளர் எரிக் டெவாய்லி, 1980களின் பிற்பகுதியில் தாய்ப்பாலிலுள்ள மாசுகளை ஆராய்ந்து வந்தார். தொழிற்சாலைகள் மலிந்த தென்பகுதித் தாய்மாரே அவரது கவனத்துக்கு உரியவராயினர். 1987இல், வடகோடியிலுள்ள நுனாவிக் பகுதியில் பணிபுரிந்த மருத்துவச்சி ஒருவர், தம் ஊர்த் தாய்மாரின் பாலையும் ஆய்வுக்குத் தரலாமா என வினவினார். டெவாய்லிக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க மாசற்ற பால் பயன்படும் என எண்ணி இசைந்தார்.

முடிவு வந்தபோது ஆய்வுக்கூடத்தார் திகைத்தனர். கருவி காட்டிய அளவுகள் வழக்கமான எல்லையை மீறியிருந்தன. வழியில் எங்கோ மாதிரிகள் கெட்டுவிட்டன என்றே முதலில் ஐயுற்றனர். மீண்டும் ஆராய்ந்தபோதும் விடை மாறவில்லை. தென் கியூபெக் தாய்மாரின் பாலில் இருந்ததைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு பி.சி.பி. இனுவிட் தாய்மாரின் பாலில் இருந்தது. இம்முடிவு 1989இல் ஆய்விதழில் வெளியாயிற்று. தூய்மைக்கு அளவுகோலாகக் கொண்டுவரப்பட்ட பாலே எல்லாவற்றினும் மாசுற்றதாக அமைந்துவிட்டது.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். அப்பெண்டிர் எந்த ஆலையிலும் பணிபுரிந்தவரல்லர். அவர்தம் நிலத்தில் வேளாண்மை இல்லை, பூச்சிக்கொல்லி தெளிக்க வயலும் இல்லை. முன்னோர் உண்ட கடல்நாயையும் பெலுகா திமிங்கலத்தையும் அவர்கள் உண்டனர். தம் பிள்ளைக்குத் தம் பாலை ஊட்டினர். அவர்கள் செய்தது அவ்வளவே.

நஞ்சு வந்த வழி

முதற்கண் ஐயம் அருகிலிருந்த மூலங்களின்மீது விழுந்தது. பனிப்போர்க் காலத்தில், 1950களில், அலாஸ்கா முதல் கனடாவின் கிழக்கெல்லை வரை ராடார் நிலையங்கள் வரிசையாக நிறுவப்பட்டன. அவற்றின் மின்கருவிகளில் பி.சி.பி. இருந்தது. கைவிடப்பட்ட நிலையங்களைச் சுற்றியுள்ள மண் உண்மையிலேயே மாசுற்றிருந்தது. ஆனால் அம்மாசு நிலையங்களைச் சுற்றிச் சில கல் தொலைவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆர்க்டிக் முழுவதும் விரவியிருந்த மாசுக்கு அது விளக்கமாகவில்லை.

விளக்கம் காற்றில் இருந்தது. இத்தகைய பொருள்கள் வெப்பமான நிலத்தில் ஆவியாகின்றன, காற்றோடு செல்கின்றன, குளிர்ந்த இடத்தில் மண்ணிலோ நீரிலோ பனியிலோ படிகின்றன. மறுபடி வெயில் ஏறினால் மறுபடி எழுந்து, இன்னும் சற்று அப்பால் சென்று படிகின்றன. வெட்டுக்கிளி தாவித் தாவிச் செல்வதுபோல் பல தாவல்களில் அவை துருவத்தை அடைகின்றன. அங்குள்ள குளிரில் மீண்டும் எழும் ஆற்றல் குன்றித் தங்கிவிடுகின்றன. சாராயம் வடிக்கும் கலத்தில் ஆவி எழுந்து குளிர்ந்த பக்கத்தில் துளியாக இறங்குவதை ஒத்த நிகழ்ச்சி இது. உலகமே ஒரு வாலையாகச் செயற்படுகிறது எனலாம். ஃபிராங்க் வானியா, டொனால்டு மெக்கே ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் இக்கருத்தை விரிவாக வகுத்துரைத்தனர்.

இவ்விடத்தில்தான் தமிழகம் இவ்வரலாற்றுக்குள் வருகிறது. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. அம்மையத்தின் சுப்பிரமணியன் முதலிய ஆய்வாளர்களும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தட்சுகாவா, தனாபே ஆகியோரும் 1980களின் இறுதியில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். நம் உழவர்கள் பி.எச்.சி. பொடி என வழங்கிய எச்.சி.எச். பூச்சிக்கொல்லியை நெல்வயலில் இட்டு, அது எங்கே செல்கிறதென்று தொடர்ந்து அளந்தனர். நீரோடு ஓடிக் கடலில் கலக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. 1991இல் வெளியான அவர்தம் கணிப்பின்படி, கடலுக்குச் சென்றது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. எஞ்சிய 99 விழுக்காட்டிற்கும் மேலானது காற்றில் கலந்துவிட்டது. வெப்பநாட்டு வெயிலும் நீர் தேங்கிய வயலும் அப்பொடியை விரைந்து வானுக்கு அனுப்பின.

இதன் மறுமுனையும் அளக்கப்பட்டுள்ளது. சீனா 1983இல் இப்பூச்சிக்கொல்லியைத் தடை செய்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் அதன் பயன்பாடு சுருங்கியது. இவ்விரு காலங்களிலும் ஆர்க்டிக் காற்றிலிருந்த எச்.சி.எச். அளவு செங்குத்தாகச் சரிந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். இந்தியா 1997இல் அதற்கு முழுத்தடை விதித்தது. ஆசியாவின் வயல்களில் எடுத்த முடிவு துருவக் காற்றில் சில ஆண்டுகளிலேயே பதிவாயிற்று. காவிரிப் படுகையின் உழவர் எவரும் பனிக்கரடிக்குத் தீங்கு நினைத்தவரல்லர். தம் பயிரைக் காக்கவே அவர்கள் பொடி தூவினர். நாமும் அந்நெல்லை உண்டோம். குற்றம் சுமத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. உலகம் எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டுள்ளது என்பதற்குச் சான்றாகவே சொல்கிறோம்.

உணவுச் சங்கிலி என்னும் ஏணி

துருவக் காற்றிலும் நீரிலும் இந்நஞ்சுகள் மிகச் சிறு அளவிலேயே உள்ளன. அந்நீரைப் பருகுவதால் எவருக்கும் தீங்கு நேராது. பின்னர் தாய்ப்பாலில் அவ்வளவு சேர்ந்தது எங்ஙனம்?

இப்பொருள்கள் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றன. பனிக்கட்டியின் அடியில் வளரும் நுண்பாசியில் முதலில் அவை சேர்கின்றன. பாசியைச் சிற்றிறால் போன்ற நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவற்றை ஆர்க்டிக் காட் மீன் உண்கிறது. அம்மீனை வளையக் கடல்நாய் உண்கிறது. கடல்நாயைப் பனிக்கரடியும் மனிதரும் உண்கின்றனர். உண்ட உணவின் ஆற்றல் ஒவ்வொரு படியிலும் செலவாகிறது. நஞ்சோ செலவாகாமல் கொழுப்பில் தங்குகிறது. ஆகவே ஏணியின் ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பன்மடங்காகிறது. இதனை உயிர்வழிப் பெருக்கம் என்கிறோம்.

குளிர்நாட்டில் கொழுப்பே உயிர். கடல்நாயின் தடித்த கொழுப்புப் படலம் அதனை உறைபனியினின்றும் காக்கிறது. அக்கொழுப்பே மனிதருக்கு வெப்பமும் உயிர்ச்சத்தும் தருகிறது. துருவ வாழ்க்கையைத் தாங்கி நிற்கும் பொருள் எதுவோ, அதனையே நஞ்சும் தன் இருப்பிடமாகக் கொண்டது. ஏணியின் உச்சிப்படி பனிக்கரடியோ வேட்டைக்காரரோ அல்லர். அவர்களுக்கும் மேலே, தாயின் பாலைப் பருகும் குழந்தை இருக்கிறது.

பெயர் சொல்லத் தடுமாறிய குழந்தைகள்

பாதரசத்தின் வரலாறு சற்று வேறானது. நிலக்கரியை எரிப்பதாலும் தங்கம் பிரிக்கும் தொழிலாலும் பாதரசம் காற்றில் கலக்கிறது. கடலில் அது மெத்தில் பாதரசமாக மாறி உணவுச் சங்கிலியில் ஏறுகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் ஓர் ஆலைக் கழிவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மக்களுக்கும் பரவிய பாதரச நோய் 1956இல் அறியப்பட்டது. அங்கே நஞ்சு மிகுதி, விளைவும் கண்கூடு. குறைந்த அளவு பாதரசம் நாள்தோறும் உடலிற் சேர்ந்தால் என்னாகும் என்பதே பின்னர் எழுந்த வினா.

அவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளைச் சார்ந்த மருத்துவர் பால் வைஹேயும் டென்மார்க்கின் ஃபிலிப் கிராண்ட்ஷீனும் ஆவர். அத்தீவு மக்கள் நூற்றாண்டுகளாகப் பைலட் திமிங்கலத்தை வேட்டையாடி, இறைச்சியை ஊரார் அனைவருக்கும் விலையின்றிப் பங்கிட்டு வாழ்பவர்கள். 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,022 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலும் தாய்மாரின் தலைமுடியிலும் பாதரசம் அளக்கப்பட்டது. அக்குழந்தைகள் ஏழு வயதை எட்டியபோது அவர்களது அறிதிறன் சோதிக்கப்பட்டது.

1997இல் வெளியான முடிவுகள், பிறப்பதற்குமுன் கூடுதலாகப் பாதரசம் பெற்ற குழந்தைகள் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் பின்தங்கியதைக் காட்டின. சோதனைகளுள் ஒன்று மிக எளியது. கோட்டோவியங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, அப்பொருளின் பெயரைச் சொல்லுமாறு குழந்தையைக் கேட்பது. வேறுபாடு சிறிது. எந்தக் குழந்தையும் நோயாளியாகத் தோன்றவில்லை. தாயோ ஆசிரியரோ தனித்துக் கண்டுகொள்ளக்கூடிய குறையன்று அது. ஆயிரம் குழந்தைகளை ஒருங்கே அளந்தபோதுதான் வெளிப்பட்டது. சீஷெல்ஸ் தீவுகளில் கடல் மீன் உண்போரிடையே நிகழ்ந்த ஆய்வு இத்தகைய விளைவைக் காட்டாததால் அறிஞரிடையே நெடிய விவாதம் எழுந்தது. இரண்டையும் சீர்தூக்கிய அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம், 2000இல் ஃபாரோ ஆய்வின் அப்பெயர் சொல்லும் சோதனையையே பாதரசத்துக்கான பாதுகாப்பு வரம்பைக் கணிக்க அடிப்படையாகக் கொள்ளுமாறு பரிந்துரைத்தது.

தமிழில் நஞ்சு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விடம் என்பது ஒன்று; மகப்பேற்றின்பின் வெளிவரும் கொடி என்பது மற்றொன்று. நஞ்சுக்கொடி என்பது நம் வழக்கு. சொல்லின் இவ்வொற்றுமையிலிருந்து அறிவியல் உண்மை எதனையும் நாம் பெற முனையவில்லை. ஆயினும் கருவிலுள்ள குழந்தைக்கு உணவு செல்லும் வழியும் நஞ்சு செல்லும் வழியும் ஒன்றே என ஃபாரோ தீவின் மருத்துவர்கள் கண்டதை விளக்கும்போது, இச்சொல் நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது.

சொல்வதும் சொல்லும் முறையும்

உண்மையைக் கண்டறிந்தபின் அதனை மக்களிடம் சொல்வது தனியொரு சிக்கலாயிற்று. 1985இல் கனடாவின் பாஃபின் தீவை அடுத்த புரோட்டன் தீவில் மக்களின் உணவும் பி.சி.பி. அளவும் ஆராயப்பட்டன. மரபு உணவை மிகுதியாக உண்ணும் ஊர் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. சிலர் உட்கொண்ட அளவு வரம்பை மீறியிருந்த செய்தி பரவியதும், அயலூரார் அவர்களைப் ‘பி.சி.பி. மக்கள்’ எனப் பெயரிட்டு ஒதுக்கலாயினர். ஆய்வுக்கு இசைந்த ஊருக்கே அவப்பெயர் வந்து சேர்ந்தது.

நுனாவிக் தாய்மாரின் நிலை இதனினும் கடினமானது. பால் ஊட்டலாமா, நிறுத்த வேண்டுமா என அவர்கள் வினவினர். மாவுப்பாலின் விலை வடக்கில் மிக அதிகம். தாய்ப்பாலோ குழந்தையைத் தொற்றுநோயினின்றும் காக்கிறது. கடைகளில் தொலைவிலிருந்து வந்து சேரும் உணவு விலையிற் பெரிது, சத்திற் சிறிது. சர்க்கரையும் உப்பும் மிக்கது. கடல்நாயைக் கைவிட்டு அதனை உண்டால் நீரிழிவும் இதயநோயும் பெருகும். வேட்டையோடு பிணைந்த பகிர்ந்துண்ணும் பண்பும், தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வரும் அறிவும், அவ்வறிவைச் சுமந்த சொற்களும் தேய்ந்துவிடும். இவற்றையெல்லாம் எடைபோட்ட மருத்துவர்கள், டெவாய்லி உட்பட, தாய்ப்பாலூட்டலைத் தொடருமாறே அறிவுறுத்தினர்.

கண்ணுக்குப் புலப்படாத, மணமோ சுவையோ இல்லாத, நோயாகவும் உடனே தோன்றாத ஒன்றை வேட்டைச் சமூகத்தின் மொழியில் பெயர்க்க வேண்டிய பொறுப்பு மொழிபெயர்ப்பாளர்களைச் சேர்ந்தது. நஞ்சு என்று சொன்னால் உண்டவர் உடனே இறப்பர் எனப் பொருள்படும். அழுக்கு என்று சொன்னால் கழுவினால் போகும் எனப் பொருள்படும். இச்சொல்லில் அச்சம் மிகும், அச்சொல்லில் கவனம் குறையும். அறிவியலைத் தமிழில் எழுத முயலும் நமக்கு இவ்விடர் புதிதன்று. ஒரு கலைச்சொல்லின் பிழை ஒரு தாயின் முடிவை மாற்றிவிடக்கூடும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

காலப்போக்கில் அறிவுரைகள் கூர்மையாயின. எல்லா மரபு உணவையும் தவிர்க்கச் சொல்லாமல், பாதரசம் மிகுந்த உறுப்புகளையும் உயிரினங்களையும் கருவுற்ற பெண்டிர் மட்டும் குறைக்குமாறு சொல்லப்பட்டது. நுனாவிக்கில் பாதரசம் குறைந்த ஆர்க்டிக் சார் மீனைக் கருவுற்றோருக்கு வழங்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. ஃபாரோ தீவுகளிலோ, தலைமை மருத்துவ அதிகாரியும் வைஹேயும் 2008இல், பைலட் திமிங்கலம் இனி மனிதர் உண்ணத் தக்கதன்று எனப் பரிந்துரைத்தனர். தம் முன்னோரின் உணவைத் தம் மக்களே கைவிடுமாறு சொல்ல நேர்ந்த வைஹேயின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கண்காணிப்பும் உடன்படிக்கையும்

துருவ நாடுகள் எட்டும் 1991இல் பின்லாந்தின் ரொவானியெமி நகரில் கூடி ஆர்க்டிக் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றன. அதன் உறுப்பாக ஆர்க்டிக் கண்காணிப்பு, மதிப்பீட்டுத் திட்டம் தோன்றியது. 1996இல் ஆர்க்டிக் மன்றம் அமைந்தபோது அத்திட்டம் மன்றத்தின் பணிக்குழுவாயிற்று. அதன் முதல் பேரறிக்கை 1997இல் வெளிவந்தது. கனடாவின் வடகோடியில், 82 பாகை வடக்கில் உள்ள அலெர்ட் நிலையத்தில் 1992 முதலும், ஸ்வால்பார்டு தீவின் செப்பலின் நிலையத்தில் 1993 முதலும் காற்றிலுள்ள இந்நஞ்சுகள் தொடர்ந்து அளக்கப்படுகின்றன. கடல்நாய், பனிக்கரடி ஆகியவற்றின் கொழுப்பு மாதிரிகளை வேட்டைக்காரர்களே எடுத்துத் தருகின்றனர். கருவுற்ற பெண்டிரின் இரத்தம் சில ஆண்டுகளுக்கொரு முறை ஆராயப்படுகிறது.

இவ்வளவீடுகள் உலகப் பேச்சுவார்த்தைக்கு வலுவான அடித்தளமாயின. 1999 தொடக்கத்தில் நைரோபியில் நிகழ்ந்த பேச்சுவார்த்தையின்போது இனுவிட் தலைவி ஷீலா வாட் குளூட்டியே, தாயும் சேயும் அமைந்த கற்சிற்பம் ஒன்றை ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் கிளாவ்ஸ் டாப்ஃபரிடம் அளித்தார். பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய ஜான் புச்சினி, அதன்பின் அச்சிற்பத்தைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டே அமர்வுகளை நடத்தினார்.

அப்போது டி.டி.டி. பற்றிய கடுமையான கேள்வி எழுந்தது. ஆர்க்டிக் குழந்தையைக் காக்க அதனை உடனே முற்றாகத் தடுத்தால், மலேரியா வாட்டும் வெப்பநாட்டுக் குழந்தை என்னாகும்? தம் பிள்ளைகளின் நலத்துக்காகப் பிற தாய்மாரின் பிள்ளைகளை இடருக்குள்ளாக்கும் உடன்பாட்டை இனுவிட் பேராளர்கள் விரும்பவில்லை. மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டி.டி.டி.யைப் பயன்படுத்த விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் நிலைத்த கரிம மாசுகள் பற்றிய உடன்படிக்கை நிறைவேறியது. 12 பொருள்கள் முதற்பட்டியலில் இடம்பெற்றன. ஆர்க்டிக் உயிர்ச்சூழலும் அங்குள்ள பழங்குடி மக்களும் எதிர்கொள்ளும் சிறப்பு இடர் அதன் முன்னுரையிலேயே எழுதப்பட்டுள்ளது. 2004இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையின் பயனை அளக்க உலகெங்கும் காற்றும் தாய்ப்பாலும் இரத்தமும் ஆராயப்படுகின்றன. 2009இல் லிண்டேனும் பிற எச்.சி.எச். வகைகளும் பட்டியலிற் சேர்ந்தன. பாதரசத்துக்கென மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

அளவீடுகள் சொல்வன

இம்முயற்சிகள் பயன் தந்தனவா? தந்தன. ஆர்க்டிக் காற்றிலும் விலங்குகளிலும் பி.சி.பி., டி.டி.டி. முதலிய பழைய நஞ்சுகள் பெரிதும் குறைந்துள்ளன. நுனாவிக்கின் கருவுற்ற பெண்டிரின் இரத்தத்திலும் 1990களின் தொடக்கத்தில் இருந்ததைவிட அவை மிகக் குறைந்துள்ளன. சட்டமும் அளவீடும் சேர்ந்தால் தீங்கைத் தணிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. பாதரசம் எளிதில் குறைவதாயில்லை. ஆர்க்டிக் விலங்குகளில் இன்றுள்ள பாதரசத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மனிதச் செயலால் வந்தது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒட்டாத சமையற்கலங்களையும் நீர்புகா ஆடைகளையும் செய்யப் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் இப்போது துருவ உயிர்களில் காணப்படுகின்றன. பனியும் கடலும் வெப்பமடைய, முன்பு அவற்றில் படிந்த பழைய நஞ்சுகள் மீண்டும் காற்றில் எழுவதை அலெர்ட், செப்பலின் நிலையங்களின் பதிவுகளைக்கொண்டு 2011இல் ஆய்வாளர்கள் காட்டினர். பல ஆண்டுகள் இடைவிடாது அளந்து வைத்திருந்ததாலேயே இதனை அறிய முடிந்தது. எனவே கண்காணிப்பு என்பது ஓர் ஆய்வோடு முடிவதன்று, தலைமுறைகளைக் கடந்து தொடர வேண்டிய கடமை.

நிறைவுரை

2013இல் சுவீடனின் கிருணா நகரில் கூடிய ஆர்க்டிக் மன்றம் சிங்கப்பூரையும் இந்தியாவையும் பார்வையாளர் நாடுகளாக ஏற்றது. கப்பற்போக்குவரத்தும் கடல்மட்டமும் அதற்குக் காரணங்களாகப் பேசப்படுவதுண்டு. இவ்வுரையில் நாம் கண்ட காற்றுவழித் தொடர்பு அவற்றினும் பழையது. நம் வயலிலும் ஆலையிலும் குப்பையிலும் நாம் விடுபவை அங்குள்ள ஒரு தாயின் உடலைச் சென்றடைகின்றன. அத்தாயின் மொழி வேறு, உணவு வேறு. ஆயினும் குழந்தை தன் முதற்சொல்லைச் சொல்லக் காத்திருக்கும் ஆவல் அவளுக்கும் நமக்கும் ஒன்றே.

எரிக் டெவாய்லி 2014இல் ரெயூனியன் தீவில் பாறைச் சரிவில் சிக்கி உயிர்நீத்தார். அவர் ஒப்பீட்டுக்காக மட்டுமே பெற்றுக்கொண்ட பால் மாதிரிகள் ஓர் உலக உடன்படிக்கைக்கு வித்திட்டன. அவற்றைக் கொடுக்க முன்வந்த மருத்துவச்சியும் தாய்மாரும் இவ்வரலாற்றின் முதல் ஆசிரியர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களை நினைந்து இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.